பல்கலைக்கழக நூலகத்துக் கணினியும் விளையாட்டின் நியாயமும்

அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்கள் பலவற்றில், மாணவர் அல்லாதவரும் அமர்ந்து பயன்படுத்தும்படி சில பொதுக் கணினிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கான விதிகளில், கல்விக்கும் ஆய்வுக்கும் முன்னுரிமை உண்டு, பிற நோக்கங்களுக்காக அமர்ந்திருப்போர் தேவை எழும்போது எழுந்து இடம்தர வேண்டும் என்ற கருத்து ஏதேனும் ஒரு வடிவில் இடம்பெற்றிருக்கும். பார்வைக்கு வெறும் நிர்வாகக் குறிப்பாகத் தோன்றும் இவ்விதி, பொதுவில் வைத்த பொருளின் மீது யாருடைய உரிமை முந்தியது என்ற நீதியியல் வினாவையும், ஒருவர் செய்யும் செயல் உயர்ந்ததா தாழ்ந்ததா என்று மற்றொருவர் தீர்ப்புச் சொல்லலாமா என்ற அறவியல் வினாவையும், விளையாட்டுக்கும் ஆய்வுக்கும் நடுவே கோடு உண்மையில் எங்கே விழுகிறது என்ற இன்னும் பழைய வினாவையும் தன்னுள் கொண்டுள்ளது. கணினியின் வயது குறைவு என்பதால் இவ்வினாக்களும் புதியவை என்று கருதிவிடக் கூடாது. அரிஸ்டாட்டில் முதல் அமர்த்தியா சென் வரை பலர் இவற்றை வேறு பொருள்களை முன்வைத்துச் சிந்தித்திருக்கின்றனர்.

ஒரு பல்கலைக்கழகம் தன் மாணவரல்லாத ஊராருக்குக் கணினியைத் திறந்து வைக்க வேண்டிய காரணம் என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் கூட்டாட்சி அரசின் வெளியீடுகளை நாடெங்கும் உள்ள குறிப்பிட்ட நூலகங்களுக்கு இலவசமாக அளித்து, அதற்கு ஈடாக அவற்றைப் பொதுமக்கள் கட்டணமின்றிப் பார்க்க வழிசெய்யும் வைப்பு நூலகத் திட்டம் ஒன்று உண்டு; 1813-இல் வேர்கொண்டு 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தால் விரிவடைந்த அத்திட்டத்தில் பல்கலைக்கழக நூலகங்கள் பெருமளவில் சேர்ந்துள்ளன. 1993-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தைத் தொடர்ந்து அரசு ஆவணங்கள் மின்வடிவில் வெளிவரத் தொடங்கியபோது, ஆவணத்தைத் திறந்து வைக்கும் கடமை கணினியைத் திறந்து வைக்கும் கடமையாகவும் மாறிற்று. இதனுடன் இன்னொரு காரணமும் சேர்ந்தது. ஆய்விதழ்களின் தரவுத்தளங்களுக்காக நூலகங்கள் பதிப்பகங்களோடு செய்துகொள்ளும் உரிம ஒப்பந்தங்கள், பல்கலைக்கழகத்தைச் சாராதவர் வீட்டிலிருந்து அவற்றைப் படிப்பதை அனுமதிப்பதில்லை. ஆனால் நூலகத்துக்கு நேரில் வருபவர் அங்குள்ள கணினியில் படிப்பதைப் பொதுவாக அனுமதிக்கின்றன. ஆகவே, ஊரில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கோ தன் நோயைப் பற்றி அறிய விரும்பும் நோயாளிக்கோ கட்டணச் சுவருக்குப் பின்னால் உள்ள ஆய்வுக் கட்டுரையை அடையும் வாயில் பெரும்பாலும் அந்த ஒரு கணினிதான்.

நூலகக் கணினி தொடக்கத்தில் புத்தகப் பட்டியலைத் தேடும் முனையமாக மட்டுமே இருந்தது. பட்டியலைத் தவிர வேறெதையும் காட்டாத கருவியில் எவரும் பொழுதுபோக்க இயலாது என்பதால் அக்காலத்தில் இச்சிக்கலே எழவில்லை. அயோவா பல்கலைக்கழகம் 1992-இலும் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் தன் லீவி நூலகத்தின் வழியாக 1994-இலும் தேடல், எழுத்து, கணக்கீடு, படத்தொகுப்பு ஆகிய அனைத்தையும் ஒரே இருக்கையில் செய்யத்தக்க கணினிக் கூடங்களைத் திறந்தன. மற்றப் பல்கலைக்கழகங்களும் அவ்வழியில் நடந்தன. ஆய்வுக்கான எல்லாக் கருவிகளும் ஒரே திரையில் கூடியபோது, ஆய்வல்லாத எல்லாமும் அதே திரையில் கூடிவிட்டன. நூலகத்தார் கருவியின் வடிவத்தால் செய்துவந்த பாகுபாட்டை அதன்பின் விதியால் செய்ய வேண்டியதாயிற்று.

அவ்விதிக்கு அடிப்படையாக மேற்குலகச் சிந்தனை மரபு இரு வேறு நீதிகளைத் தருகிறது. அரிஸ்டாட்டில் தம் அரசியல் நூலின் மூன்றாம் பகுதியில், குழல்களைப் பகிர்ந்தளிப்பதானால் உயர்குடிப் பிறந்தவர்க்கோ அழகுடையவர்க்கோ அன்றி, நன்றாகக் குழல் வாசிப்பவர்க்கே சிறந்த குழலைத் தர வேண்டும் என்கிறார். ஒரு பொருள் எந்தப் பயனுக்காக இருக்கிறதோ அந்தப் பயனை நிறைவேற்ற வல்லவரே அதற்கு உரியவர் என்பது அதன் கருத்து. உரோமானியச் சிந்தனையாளர் சிசரோ கி.மு. 45-இல் எழுதிய அறநூலின் மூன்றாம் பகுதியில் ஸ்டோயிக் மெய்யியலாரின் சார்பாகப் பேசும் கேட்டோ என்பவரின் வாய்மொழியாக வேறொரு நீதி வருகிறது: நாடக அரங்கு அனைவருக்கும் பொது, எனினும் ஒருவர் அமர்ந்திருக்கும் இருக்கை அவருடையது என்று சொல்வது முறையே. முந்தி வந்து அமர்ந்தவரை எழுப்ப மற்றவர்க்கு உரிமையில்லை என்ற நெறி இதிலிருந்து கிளைக்கிறது. பதினேழாம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் குரோஷியஸ் உடைமையின் தோற்றத்தை விளக்கவும் இவ்வுவமையைக் கையாண்டார். ஆய்வுக்கே முன்னுரிமை என்னும் நூலகம் குழலின் நீதியைப் பின்பற்றுகிறது. வந்த வரிசைப்படி என்னும் நூலகம் இருக்கையின் நீதியைப் பின்பற்றுகிறது.

இரண்டுக்கும் குறைகள் உண்டு. வரிசை முறை நடுநிலையானது போலத் தோன்றினும், நேரம் மிகுதியாக உள்ளவரை அது வாழவைத்து, மாலை வேலை முடிந்து ஒரு மணி நேரம் மட்டுமே கிடைக்கும் பகுதிநேர மாணவரைத் தண்டிக்கிறது. மேலும், அரங்கு எதற்காகக் கட்டப்பட்டது என்பதை அனைவரும் அறிந்திருப்பதாலேயே சிசரோவின் உவமை இயல்பாகத் தோன்றுகிறது. நாடகம் பார்க்க வந்தவர்களுக்குள் மட்டும் அது வரிசையை முடிவுசெய்கிறது. குழலின் நீதியோ, பொருளின் பயன் ஒன்றாக இருக்கும்போது மட்டுமே தெளிவான விடை தரும். குழல் வாசிப்பதற்கே உரியது. கணினி எதற்கு உரியது என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. பலவற்றைச் செய்ய வல்லதாக அமைந்ததே அதன் சிறப்பு. நூலகத்தின் பயனைக் கணினியின் பயனாக ஏற்றிச் சொல்லலாம் எனினும், வைப்புத் திட்டத்தில் சேர்ந்து ஊராருக்கும் கதவைத் திறந்த ஒரு நூலகத்தின் பயனும் ஒன்றாக இல்லை.

இந்த இடத்தில் அமர்த்தியா சென் 2009-இல் வெளியிட்ட நீதி பற்றிய நூலில் கூறும் எடுத்துக்காட்டு மிகவும் உதவுகிறது. ஒரு குழலுக்கு மூன்று குழந்தைகள் உரிமை கோருகின்றனர்: மூவருள் தனக்கு மட்டுமே குழல் வாசிக்கத் தெரியும் என்கிறாள் ஆன், விளையாடத் தன்னிடம் வேறு பொருளே இல்லை என்கிறான் பாப், பல மாதம் உழைத்து அக்குழலைச் செய்தவளே தான்தான் என்கிறாள் கார்லா. மூவரின் காரணங்களும் மெய். எந்த ஒன்றையும் தன்னலம் என்று தள்ளிவிட முடியாது. நடுநிலையான ஆராய்ச்சிக்குப் பின்னும் ஒன்றுக்கு மேற்பட்ட நியாயங்கள் எஞ்சி நிற்கலாம் என்பதே சென் காட்ட வந்தது. நூலகக் கணினியின் முன்பும் இம்மூவரே நிற்கின்றனர். ஆய்வேட்டுக்குத் தரவு தேடுபவர் ஆனின் நிலையில் இருக்கிறார். கட்டணம் செலுத்தி நூலகத்தைத் தாங்கும் மாணவர் கார்லாவைப் போல் பேசுகிறார். ஆயினும் அரசுப் பல்கலைக்கழகமானால் வரி செலுத்தும் ஊராரும், வைப்பு நூலகமானால் ஆவணங்களை இலவசமாக அளித்த பொதுமக்களின் அரசும் அந்த உழைப்பில் பங்குடையவர்கள் என்பதால், மாணவரின் உரிமைக்கோரல் முழுமையானதாக இருப்பதில்லை. வீட்டில் கணினியோ இணைய இணைப்போ இல்லாத, சிலவேளை வீடே இல்லாத ஒருவர், நூலகக் கணினியில் சீட்டாட்டம் ஆடி அல்லது திரைப்படம் பார்த்துப் பொழுதைக் கழிக்கிறார் என்றால், அவர் பாப்பின் இடத்தில் நிற்கிறார். நூலக விதிகள் பெரும்பாலும் ஆனுக்கும் கார்லாவுக்கும் இடையே ஏதேனும் ஒரு சமரசத்தைக் கண்டு முடிந்துவிடுகின்றன. பாப்பின் கோரிக்கை அவ்விதிகளில் நியாயமாக அன்றி, வேலை இல்லாதபோது காட்டப்படும் சலுகையாக மட்டுமே இடம்பெறுகிறது.

பாப்பின் கோரிக்கை மெய்யாகவே சலுகைதானா, அல்லது நியாயத்தின் வலிமை உடையதா என்பது விளையாட்டை என்னவென்று கருதுகிறோம் என்பதைப் பொறுத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் தம் பெருநூலின் இரண்டாம் பகுதியில், விளையாட்டில் அறம் ஏதேனும் உண்டா என்றே ஒரு வினாவை எழுப்பிக்கொண்டு, உண்டு என்று விடை கூறுகிறார். உடல் உழைப்பால் தளர்வது போல ஆன்மாவும் அறிவின் உழைப்பால் தளர்கிறது. உடலுக்கு ஓய்வு போல ஆன்மாவுக்கு இன்பமே ஓய்வு. எனவே வேடிக்கைச் சொல்லும் செயலும் வேண்டியவையே என்பது அவர் வாதம். அளவு மீறிய விளையாட்டைக் குற்றமாகக் கருதியதோடு, விளையாட்டே அற்ற இறுக்கத்தையும், முன்னதினும் சிறியதாயினும், குற்றமாகவே அவர் எண்ணினார். விளையாட்டு இழிந்ததாகவோ பிறர்க்குத் தீங்காகவோ இருத்தலாகாது, மனத்தின் சமநிலையை முற்றிலும் குலைத்துவிடலாகாது, ஆளுக்கும் காலத்துக்கும் இடத்துக்கும் பொருந்தியிருக்க வேண்டும் என்ற மூன்று எச்சரிக்கைகளையும் அவர் சேர்த்தார். நூலகக் கணினி பற்றிய சச்சரவு முழுவதும் இம்மூன்றாம் எச்சரிக்கைக்குள் அடங்கும். விளையாடலாமா என்ற கேள்விக்கு அக்வினாஸிடம் தெளிவான விடை இருக்கிறது. இங்கே, இப்போது விளையாடலாமா என்பதே விடை வேண்டி நிற்கும் கேள்வி.

அரிஸ்டாட்டில் இதை இன்னும் சிக்கலாக்குகிறார். அவர் கணக்கில் விளையாட்டும் ஓய்வுநிலையும் ஒன்றல்ல. விளையாட்டு என்பது உழைப்பவர் மீண்டும் உழைப்பதற்காக உரிய வேளையில் உட்கொள்ளும் மருந்து. ஓய்வுநிலை என்பதோ உழைப்பின் நோக்கமே ஆன, வேறொன்றின் பொருட்டன்றித் தன் பொருட்டே விரும்பப்படும் வாழ்நிலை. அறிவை அறிவுக்காகத் தேடுவது அந்த ஓய்வுநிலையின் தலைசிறந்த செயல். இப்படிப் பார்த்தால், பயன் கருதாத ஆய்வு உழைப்பின் பக்கத்திலன்றி ஓய்வுநிலையின் பக்கத்தில் நிற்கிறது; ஆய்வை வேலை என்றும் மற்றதைப் பொழுதுபோக்கு என்றும் பிரிக்கும் விதி, பல்கலைக்கழகம் தன்னைப் பற்றிப் பேசிவரும் உயர்ந்த மொழிக்கே முரணாகிறது. அதே விதி வேறொரு வகையிலும் தடுமாறும். வேலைக்கான விண்ணப்பம் நிரப்புவதும், வரிப் படிவம் அனுப்புவதும், தொலைநாட்டிலிருந்து வந்த மாணவர் தாயோடு பேசுவதும் ஆய்வுமல்ல, பொழுதுபோக்குமல்ல. பொதுக் கணினிகளின் அன்றாடப் பயன்பாட்டில் பெரும்பகுதி இத்தகையதே. இருவகைப் பிரிவில் இவற்றுக்கு இடமில்லாததால், நூலகத்தார் ஒவ்வொரு முறையும் தம் மனப்போக்கின்படி இவற்றை ஏதேனும் ஒரு பக்கம் தள்ள நேர்கிறது.

எது உயர்ந்த வாசிப்பு என்ற தீர்ப்புக் காலந்தோறும் மாறி வந்திருப்பதை நூலக வரலாறே காட்டுகிறது. பாஸ்டன் பொது நூலகத்தின் தோற்றத்துக்கு வழிவகுத்த 1852-ஆம் ஆண்டு அறிக்கை, மக்கள் விரும்பும் நூல்களைப் பல படிகள் வாங்கி ஒரே காலத்தில் பலரும் படிக்கச் செய்ய வேண்டும் என்று வாதிட்டது. அதன்பின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை, பொதுப்பணத்தில் புதினங்களை வாங்குவது தகுமா என்று நூலகத்துறையினர் தமக்குள் வாதிட்டுக்கொண்டே இருந்தனர். புதினம் அன்று வீண்பொழுதின் அடையாளம். இன்று அதே புதினங்களின் மீது ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. கணினி விளையாட்டுகளும் அவ்வழியில் வெகுதூரம் வந்துவிட்டன. மிச்சிகன் பல்கலைக்கழகம் 2008-இல் தன் நூலக அமைப்பின் பகுதியாகவே கணினி விளையாட்டு ஆவணக் காப்பகம் ஒன்றைத் திறந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகம் 1990-களிலேயே பழைய விளையாட்டு மென்பொருள்களின் பெருந்தொகுப்பு ஒன்றைப் பெற்றுப் பாதுகாத்து வருகிறது. அத்தகைய காப்பகத்தில் அமர்ந்து விளையாடும் மாணவர் ஆய்வு செய்கிறார். வேறொரு தளத்தில் அதே விளையாட்டை அதே திறமையோடு ஆடும் மாணவர் பொழுதுபோக்குகிறார். திரையில் தெரிவது இரண்டு இடத்திலும் ஒன்றே.

இன்பங்களுள் உயர்வு தாழ்வு உண்டா என்பதைப் பற்றி ஆங்கில மெய்யியலாளர்களான பெந்தமும் மில்லும் முரண்பட்டது நினைவுகூரத்தக்கது. சமமான இன்பம் தருமானால் குழந்தைகளின் எளிய ஊசி விளையாட்டும் கவிதையும் மதிப்பில் ஒன்றே என்பது பெந்தமின் துணிபு. இரண்டையும் நன்கறிந்தவர் எதை விரும்பித் தேர்வாரோ அதுவே தரத்தில் உயர்ந்த இன்பம் என்று 1861-இல் மில் மறுத்தார். இதில் மில்லின் பக்கமே வலுவானது என்று ஒப்புக்கொண்டாலும், உயர்ந்த இன்பம் ஒன்று இருக்கிறது என்பதிலிருந்து அதைப் பிறர்மீது திணிக்கும் அதிகாரம் பிறப்பதில்லை. அவ்வதிகாரத்தை மறுத்து 1859-இல் சுதந்திரம் பற்றிய நூலை எழுதியவரும் அதே மில்தான்.

ஆய்வுக்கு ஆதரவாகச் சொல்லத்தக்க காரணங்களுள் ஆழமானது கவனம் பற்றியது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்ல் 1942-இல் எழுதிய கட்டுரையொன்றில், பள்ளிப் படிப்பின் உண்மையான பயன் கவனத்தைப் பழக்குவதே என்றும், கடவுளை நோக்கித் திரும்பிய முழுக் கவனமே பிரார்த்தனை என்றும், விடை காணாமலே முடிந்த வடிவியல் கணக்கில் செலுத்திய உழைப்புக்கூட அவ்வழியில் வீணாவதில்லை என்றும் விளக்கினார். நூலகத்தின் அமைதி வெறும் ஒலியின்மையாக அன்றி ஒருவகைப் புனிதத் தன்மை உடையதாகப் பலருக்குத் தோன்றுவதன் காரணம் இக்கருத்தில் கிடைக்கிறது. இதற்கு நேர்மாறாக, இன்றைய திரைக் கேளிக்கைகள் பல, பயனரின் கவனத்தைக் கவர்ந்து இயன்றவரை நெடுநேரம் பிடித்து வைக்கும்படி திட்டமிட்டே வடிவமைக்கப்படுகின்றன. அறிவை வளர்க்கும் நிறுவனம் தன் கூடத்திலேயே அத்தகைய பிடிக்கு இடம் தருவதைக் குறித்துக் கலங்குவது நேர்மையான கலக்கம், அதைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிடுவது நியாயமன்று. ஆயினும் வெய்ல் பேசும் கவனம் உள்ளே நிகழ்வது. ஆய்விதழைத் திறந்து வைத்துக்கொண்டு மனம் எங்கோ அலைபவர் உண்டு. சதுரங்கப் பலகையின் முன் உலகை மறந்து ஒன்றியிருப்பவரும் உண்டு. பின்னால் நின்று திரையைப் பார்ப்பவர்க்கு இவ்வேறுபாடு புலப்படாது.

சமய மரபுகள் பலவும் உள்ளத்தின் நோக்கத்தை அறிந்து தீர்ப்பளிக்கும் உரிமையை இறைவனுக்கே விட்டுவைத்ததன் பொருள் இங்கே விளங்குகிறது. ஜெர்மானிய மெய்யியலாளர் காண்ட் 1797-இல் ஒழுக்கத்தின் தத்துவம் பற்றி எழுதிய நூலை இருகூறாகப் பிரித்து, சட்டத்தின் ஆட்சி புறச்செயல்களோடு நின்றுவிடும், அகத்தின் நோக்கம் அறவியலுக்கு மட்டுமே உரியது என்று எல்லை வகுத்தார். நூலக விதி புறச்செயலைச் சேர்ந்தது. ஒலி எழுப்புதல், அருகில் இருப்பவரை அருவருக்கச் செய்தல், குறித்த நேரத்துக்கு மேல் இருக்கையை விடாதிருத்தல் ஆகியவை அதன் ஆட்சிக்குள் வரும். அமர்ந்திருப்பவர் மனத்தில் என்ன இருக்கிறது என்பது வராது. இந்த எல்லையை மீறுவதால் விளையும் தீங்கு வெறும் மனக்கசப்போடு நின்றுவிடுவதில்லை. சோவியத் சார்புடையவர்களின் வாசிப்பைக் கண்காணிக்க உதவும்படி அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை அறிவியல் நூலகங்களின் ஊழியர்களை அணுகி வந்ததும், கொலம்பியா பல்கலைக்கழக நூலகத்தார் அதற்கு இணங்க மறுத்ததும் 1987-இல் வெளிச்சத்துக்கு வந்தன. யார் எதைப் படிக்கிறார் என்பதை மறைபொருளாகக் காக்கும் சட்டங்கள் அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் உள்ளன. திரையை நோட்டமிட்டு ஆய்வாளரையும் பொழுதுபோக்குபவரையும் பிரிக்க முற்படும் நூலகம், ஆய்வைக் காக்கும் நோக்கத்தோடே, ஆய்வுக்கு இன்றியமையாத அந்த மறைவைக் கெடுத்துவிடுகிறது. தவறான எண்ணத்தைப் பின்தொடர்ந்து பார்க்கவும், தடைப்பட்ட கருத்தைப் படித்து மறுக்கவும், பிறர் கண்ணுக்கு வீணாகத் தோன்றும் ஒன்றில் நாள்கணக்கில் மூழ்கவும் துணிபவர், தம்மை எவரும் பார்க்கவில்லை என்ற உறுதி இருந்தாலன்றி அவ்வாறு துணியமாட்டார்.

எனவே, பொழுதுபோக்கின் மீது நூலகத்துக்கு அதிகாரம் உண்டென்றால், அது பொழுதுபோக்கின் தாழ்வினால் வருவதன்று, பற்றாக்குறையினால் வருவது. ஒருவர் காத்திருக்கிறார் என்ற நிலையே விதியைப் பிறப்பிக்கிறது. காத்திருப்பவர் எவருமில்லாதபோது, சீட்டாடுபவரை எழுப்ப எந்த நீதியும் இடம்தராது. சீர்காழியில் 1892-இல் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற அரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் நான்காவதாக வாசகரின் நேரத்தைச் சேமிக்கும் கடமையை வைத்தார். அவ்விதி நோக்கத்தை அளவிடச் சொல்லாமல் நேரத்தை அளவிடச் சொல்வது கருதத்தக்கது. காத்திருப்போர் இருக்கும்போது எல்லார்க்கும் ஒரே கால அளவு, அக்காலத்துக்குள் என்ன செய்கிறார் என்ற கேள்வியின்மை, வேறெங்கும் கிடைக்காத மென்பொருள் அல்லது தரவுத்தளம் உள்ள சில கணினிகளை அவற்றைப் பயன்படுத்துவோர்க்கென ஒதுக்குதல் என்ற இம்முறையில் மூன்று குழந்தைகளின் நியாயங்களும் ஓரளவு காக்கப்படுகின்றன. உரிமத்தால் பூட்டப்பட்ட ஆய்விதழை அந்தக் கூடத்தில் மட்டுமே படிக்க முடியும் என்பதால் ஆனின் கோரிக்கை அக்கணினிகளில் முந்துகிறது. இங்கே எடைபோடப்படுவது அவருடைய நோக்கத்தின் உயர்வன்று, மாற்று வழி அவருக்கு இல்லாமை. அதே அளவுகோல், வீட்டில் கருவியற்ற பாப்புக்கும் மற்றக் கணினிகளில் பேசும்.

இம்முறையிலும் ஓர் இடர் எஞ்சுகிறது. மறுநாள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டியவர் வந்து நிற்கும்போது, கால அளவு முடிய இன்னும் அரைமணி உள்ளவரை எழுப்பலாமா என்பதற்குச் சமமான கால அளவு என்ற விதி விடை சொல்லாது. தேவையை வாய்திறந்து சொல்பவரின் சொல்லை ஆராயாமல் ஏற்று, அமர்ந்திருப்பவரிடம் இடம் கேட்க நூலகருக்கு உரிமை இருக்கலாம். அதைக் கட்டளையாக்காமல் வேண்டுகோளாகவே வைத்திருப்பது நல்லது, ஏனெனில் கட்டளையானால் மறுப்பவரின் நோக்கத்தை ஆராயும் வேலை மீண்டும் நூலகரின் தலையில் வந்து விழும். பொய் சொல்லி இடம் பெறுபவரும் இருப்பர். அவரைக் கண்டுபிடிப்பதற்காக எல்லாரையும் கண்காணிப்பதைவிட, அவரால் விளையும் இழப்பைப் பொறுத்துக்கொள்வதே மேல். விதி எழுதப் புகும் நூலகம் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது அக்கணினிகளில் எத்தனை பேர் விளையாடுகின்றனர் என்பதையன்று, எத்தனை பேர் இடமின்றித் திரும்பிச் செல்கின்றனர் என்பதை. அந்த எண்ணிக்கை தேர்வு வாரத்தில் ஒன்றாகவும் கோடை விடுமுறையில் வேறாகவும் இருக்குமாதலால், இரு காலங்களுக்கும் ஒரே கண்டிப்பை எழுதிவைக்க வேண்டிய தேவையும் இல்லை.